சத்தம் வைக்காமல் பார்த்த படம்

படம் கறுப்பு வெள்ளையில், தீப்பெட்டி அளவில், சத்தமில்லாமல் ஓடியது. கௌதர் எல்லாப் படங்களையும் அப்படித்தான் பார்ப்பாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் முழுத்திரையில், நிறத்தோடும் சத்தத்தோடும் பார்த்துவிட்டு, வீட்டில் கறியைத் தொட முடியாமல் தட்டைத் தள்ளி வைத்திருக்கிறாள். ரத்தம் சாம்பல் நிறமாகிவிட்டால் பாதி பாரம் குறையும், அலறல் கேட்காவிட்டால் மீதியும் குறையும் என்று சொல்லிக்கொடுத்தது பக்கத்து நாற்காலி மொஹ்சின்தான்.

காசாபிளாங்காவின் ஓரத்தில் நான்காவது மாடி. வலைத்தளத்தில் ஜனங்கள் போடுகிறவற்றில் புகார் வந்தவை இங்கே வந்து சேரும். விடலாம், எடுக்கலாம், 'பொய்த் தகவல்' என்று முத்திரை குத்தி மறைக்கலாம். தளத்துக்காரர்கள் சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள்: 'ஒவ்வொரு குரலுக்கும் இடம் உண்டு.' அதன் கீழே கைப்பேசிகளைப் பூட்டி வைக்கும் அலமாரி.

அன்று காலை திரையில், வெந்தயத்தால் சர்க்கரை நோயை விரட்டுகிறவர் ஒருவர் வந்தார். வெள்ளிக்கிழமை பூமி அதிரும் என்று சொல்கிறவர் மறுபடியும் வந்தார்.

"இந்த மனுஷன் இன்னும் அடங்கலையா?" மொஹ்சின் எட்டிப் பார்த்தான். "போன தடவை இவரைக் கேட்டுட்டு எங்க வீட்டுக்காரி செருப்போட படுத்தா."

"நீ?"

"நான் வாசல்ல படுத்தேன். அவளுக்கு என்மேல நம்பிக்கை இல்ல, இவர்மேல இருக்கு."

சிரித்துக்கொண்டே கௌதர் அடுத்ததைத் திறந்தாள். ஓர் ஆலை முற்றம். தலையுறையும் வெள்ளை அங்கியும் போட்ட பெண்கள் தரையில் சுருண்டு கிடந்தார்கள். சிலர் வாயைப் பொத்தியபடி சுவரில் சாய்ந்திருந்தார்கள். சாதியா என்ற பெயரில் ஒருத்தி எழுதியிருந்தாள்: 'மீன் ஆலையில் வாயு கசிகிறது. அடுத்த ஷிப்டுக்கு யாரும் உள்ளே போகாதீர்கள்.' ஊர் பெயர் இல்லை.

கௌதருக்கு அந்தப் படம் நன்றாகத் தெரியும். எங்கோ ஒரு தையல் ஆலையில் பெண்கள் மயங்கி விழுந்தபோது எடுத்தது. ஒவ்வொரு கோடையிலும் ஒரு புதிய ஊரின் பெயரோடு திரும்பி வரும். அவளே பல தடவை மறைத்திருக்கிறாள். 'பழைய படம். பொய்த் தகவல்.' விசையைத் தட்டினாள். அடுத்தது வந்தது.

மதிய இடைவேளையில் அலமாரியிலிருந்து கைப்பேசியை எடுத்தபோது அக்கா ரஷீதா வரிசையாகக் கூப்பிட்டிருந்தது தெரிந்தது. ரஷீதா சஃபி துறைமுகத்தில் மத்தி மீன் டப்பா ஆலையில் மீன் தலை கிள்ளுகிறவள். கௌதர் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே கூப்பிட்டாள்.

"ஆஸ்பத்திரியில இருக்கேன்டீ." குரல் சுரண்டியது போல இருந்தது. "பயப்படாத. குளிர் ரூம் குழாய் விட்டுடுச்சு. அம்மோனியா. கண்ணைத் தொறக்க முடியல. மூக்கு, தொண்டை எல்லாம் நெருப்பு."

"யா அல்லாஹ்! இப்ப எப்படிக்கா இருக்கு?"

"உயிரோட இருக்கேன், உன்கிட்ட கத்துறேனே. அதை விடு. அடுத்த ஷிப்ட் வராம இருக்கணும்னு, கேட்டுல பூட்டி வெச்சிருந்த போனைப் புடுங்கி நான்தான் படம் புடிச்சேன். என் பேர்ல போட்டா சீட்டு கிழிஞ்சிடும்னு சாதியான்னு ஒரு பொய்ப் பேர்ல போட்டோம், ஊர் பேரக்கூட எழுதல. நம்ம பொம்பளைங்களுக்குத் தெரிஞ்சா போதும்னு. அவளுங்களும் பார்த்துட்டு கேட்டுலயே நின்னுட்டாளுங்க."

"அப்புறம்?"

"மேஸ்திரி ஹம்மு போனைத் தூக்கிக் காட்டினானாம். 'நான் சொல்லலம்மா, தளத்துக்காரனே சொல்றான் பாருங்க, பழைய படம், பொய்யின்னு போட்டிருக்கான்'னு. படிக்கத் தெரியாதவளுக்கெல்லாம் படிச்சுக் காட்டினானாம். உள்ள போயிட்டாளுங்க." இருமல் வந்து நின்றது. "உனக்குக் கம்ப்யூட்டர் வேலைதானே? இதை யார்கிட்டச் சொல்லணும்னு கேட்டுச் சொல்லேன்."

செய்கிற வேலை என்னவென்று வீட்டில்கூடச் சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டுத்தான் கௌதர் இங்கே சேர்ந்திருந்தாள்.

"கேக்கறேன்க்கா," என்றாள்.

ரொட்டியை மேசையில் வைத்துவிட்டு மேற்பார்வையாளர் ஜவாதிடம் போனாள். அவர் குவளையில் புதினா இலையைக் கரண்டியால் அமுக்கிக்கொண்டிருந்தார்.

"சார், காலையில ஒண்ணு தப்பாப் பண்ணிட்டேன். அது பழைய படம் இல்ல. நிஜம். எங்க அக்கா எடுத்தது."

"அக்காவா? தெரிஞ்சவங்க படத்தைத் தொடக்கூடாதுன்னு..."

"தெரியாம தொட்டேன். இப்ப தெரியும். ஒரு தடவை சத்தம் வெச்சுப் பாருங்க சார்."

அவர் திறந்தார். முற்றம் நிறத்தோடு விரிந்தது. தலையுறைகள் நீலம். சுவரில் ஆலையின் பெயர் பச்சையில் இருந்தது. தையல் ஆலையில் மீன் கூடைகள் இருக்காது. இங்கே இருந்தன. இருமல்களுக்கு நடுவே ரஷீதாவின் குரல் ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஃபாத்னா, எழுந்திரு. இஜ்ஜா, என்னைப் பாரு.

ஜவாத் சத்தத்தை நிறுத்தினார். ஆலையின் பெயரைத் தட்டித் தேடிப் பார்த்தார்.

"திருப்பிப் போடணும்னா ஆதாரம் கேப்பாங்க. பத்திரிகையில வந்திருக்கா?"

"இல்ல."

"கம்பெனிக்காரங்க பாதுகாப்பு ஒத்திகைன்னு அறிக்கை விட்டிருக்காங்க. அதுதான் இப்ப ஆதாரம்."

"அவங்க சொன்னா ஆதாரம், எங்க அக்கா சொன்னா வதந்தியா சார்?"

"என்கிட்டக் கோவப்பட்டு என்னம்மா?" குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணும் இருக்கு. கோடை விளம்பரம் மொத்தமும் இந்த மாதிரி டப்பாக்காரங்களோடது. சாப்பாட்டு விளம்பரம் ஓடுற இடத்துல வாயு, விஷம், வாந்தின்னு வந்தா அது யார் கண்ணுலயும் படாம கீழ போயிடும். முத்திரையை எடுத்தாலும் அதேதான். மேல எழுதி அனுப்புறேன். நாளைக்குப் பதில் வரும்."

"அந்த ஷிப்ட் இப்ப உள்ள இருக்கு சார்."

அவர் எழுதத் தொடங்கினார். கௌதர் படிக்கட்டுக்குப் போய் மறுபடியும் அக்காவைக் கூப்பிட்டாள்.

"படம் திரும்பி வரும்னு காத்திருக்காதீங்க. உள்ள இருக்கறவங்களுக்கு போன் போடுங்க, ஒவ்வொருத்தருக்கா."

"போனையெல்லாம் கேட்டுலயே வாங்கிப் பூட்டிடுவானுங்களே, உனக்குத் தெரியாதா?"

கௌதருக்குத் தெரியும். படிக்கட்டில் உட்கார்ந்தாள்.

"அக்கா, அந்தப் படத்துக்குப் பொய்யின்னு முத்திரை போட்டது நாந்தான். எங்க வேலையே அதுதான்."

எதிர்முனையில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

"நீயா? பார்த்துட்டா போட்ட?"

"பார்த்துட்டுத்தான்."

"என் குரல்கூடவா தெரியல?"

"நாங்க சத்தம் வெச்சுப் பாக்கறதில்லக்கா."

ரஷீதா இருமினாள். தண்ணீர் குடிப்பது கேட்டது. பிறகு, "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்துவிட்டாள்.

கௌதர் நாற்காலிக்குத் திரும்பியபோது திரையின் ஓரத்தில் பச்சைக் குறி ஒன்று இருந்தது. முடிவுகளைச் சரிபார்க்கும் தணிக்கையாளர் அவளுடைய காலை வேலையிலிருந்து ஒன்றை எடுத்துப் பார்த்திருந்தார். ஆலை முற்றம். 'முடிவு சரி.'

"கௌதர்." மொஹ்சின் தன் திரையைக் கொஞ்சம் திருப்பினான். அவன் குரலில் கேலி இல்லை. "இதைப் பாரு."

அதே முற்றம், அதே பச்சை எழுத்து. நிழல் மட்டும் மறுபக்கம் சாய்ந்திருந்தது. ஆம்புலன்ஸ் ஒன்று பின்கதவைத் திறந்தபடி நின்றது. வேறு பெண்கள் கிடந்தார்கள்.

"விடு மொஹ்சின். இதை மட்டும் மறைக்காத."

"நான் தொடவே இல்ல. வரும்போதே இப்படித்தான் வந்துச்சு." விரலால் கீழே காட்டினான். 'முன்பு மறைக்கப்பட்டதோடு ஒத்துப்போகிறது. தானாக மறைக்கப்பட்டது.' முன்பு மறைத்தவரின் இடத்தில் கௌதரின் இருக்கை எண் இருந்தது.

அவளுடைய திரையில் அடுத்தது வந்து காத்திருந்தது. விளம்பரம். ஆட்சேபம் உண்டா, இல்லையா என்று மட்டும் சொல்ல வேண்டும். கௌதர் அதை முழுத்திரைக்குப் பெரிதாக்கினாள். நிறத்தைத் திருப்பினாள். ஹெட்போனை மாட்டிச் சத்தத்தை வைத்தாள்.

கடல் அலை, அதன்மேல் பாட்டு. நீலத் தலையுறை போட்ட பெண்ணொருத்தி மத்தி மீன் டப்பாவை முகத்தருகே பிடித்துச் சிரித்தாள். 'எங்கள் பெண்களின் கைகளிலிருந்து உங்கள் மேசைக்கு.' அவளுக்குப் பின்னால் குளிர் அறையின் கதவு, புது வண்ணம் பூசி, பளபளவென்று மூடியிருந்தது.