டிரம்பெட் பரிகாரம் செய்த நாள்

வேலாங்குறிச்சிப் பங்கில் வாத்தியங்களும் சாமியிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்த பிறகுதான் கோயிலுக்குள் வாசிக்கலாம். கல்யாணம், சாவு, கட்சிக் கூட்டம், கடை திறப்பு என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டு வருகிற வாத்தியம், கால்கூடக் கழுவாமல் பீடத்துக்கு முன்னால் போய் நிற்க முடியாதல்லவா. பாவசங்கீர்த்தனத் தொட்டி என்கிற மரக்கூண்டில் அதை வைத்துவிட்டு ஆள் வெளியே வந்துவிட வேண்டும். சாமி கேட்பார், பரிகாரம் சொல்வார். பரிகாரம் முடியும்வரை எவ்வளவு ஊதினாலும் வெறும் காற்றுதான் வரும். கீபோர்டுக்கு மட்டும் விலக்கு உண்டு. கரண்டில் ஓடுவதற்கு ஆன்மா உண்டா இல்லையா என்று மேற்றிராசனத்து ஆயரிடமிருந்து இன்னும் முடிவு வரவில்லை.

என்ன பரிகாரம் என்பதைச் சாமி வாத்தியத்திடம் மட்டும்தான் சொல்வார். பெரும்பாலும் மூன்று அருள் நிறை மரியே செபம்தான். வாத்தியக்காரர் அதை மடியில் வைத்துக்கொண்டு சேர்ந்து சொன்னால் போதும், சத்தம் வந்துவிடும். இஞ்ஞாசியின் டிரம்பெட்டுக்கும் இத்தனை வருடமாக அப்படித்தான் நடந்தது.

அன்று சனிக்கிழமை. சாயங்காலப் பூசையில் இஞ்ஞாசியின் மகள் ஜெனிட்டாவுக்குக் கல்யாணம். நகை கேட்கவில்லை, பட்டுக்கூட அம்மா எடுத்ததுதான். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"நீங்க ஊதுனாத்தான்ப்பா வாசல்ல இருந்து நடப்பேன். கீபோர்டுக்கெல்லாம் நடக்க மாட்டேன்."

சொன்னால் சொன்னதுதான். சின்ன வயதில் இட்லி வேண்டாம் என்று சொன்னவள், இன்றுவரை தொட்டதில்லை.

காலையில் டிரம்பெட் தொட்டிக்குள் போனது, போனதுதான். பின்னால் நின்ற கிளாரினெட்காரர் இரண்டு முறை இருமிப் பார்த்தார். ஒருவழியாக அதை வெளியே எடுத்தபோது பித்தளை சூடாக இருந்தது. இஞ்ஞாசி கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, அதை மடியில் வைத்துக்கொண்டு மூன்று அருள் நிறை மரியே சொன்னார். ஊதினார். காற்று வந்தது. ஒரு முழுச் செபமாலை சொன்னார். அதே காற்று.

சாமியைத் தேடிப் போனார். அம்புரோஸ் சாமி காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"சாமி, பரிகாரம் என்னன்னு லேசா ஒரு கோடு காட்டுங்க. பொண்ணு கல்யாணம்."

"பாவசங்கீர்த்தன ரகசியம்ப்பா."

"பித்தளைதான சாமி."

"மனுசனுக்கு ஒரு சட்டம், பித்தளைக்கு ஒரு சட்டமா? போ, போ. அதுக்குத் தெரியும்."

அதற்குத் தெரியும். அதனிடம் கேட்பது எப்படி என்றுதான் இவருக்குத் தெரியவில்லை. டிரம்பெட்டைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். பாவம் என்றால் அபசுரமாகத்தான் இருக்க வேண்டும். வேறென்ன பாவம் செய்யும் ஒரு டிரம்பெட்?

போன வருடம் வாத்தியார் ஒருவருடைய அடக்கத்தில் மேல் சுரம் பிசகிக் கீச்சென்று போனது. முதலில் அந்த வீட்டுக்குப் போனார். வாத்தியாரின் மகன் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினான்.

"எங்கப்பா பாடுனா அப்படித்தாண்ணே இருக்கும். அன்னைக்கு அவரே கூட வந்து பாடுன மாதிரி இருந்துச்சுன்னு அம்மா சொன்னாங்க. இதுல மன்னிக்க என்ன இருக்கு?"

வாசலிலேயே ஊதிப் பார்த்தார். காற்று.

அடுத்து ஊரின் மறுகோடியில் செபஸ்தி. வேறு பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதுகிறவர். ஒரு தேர்ப் பவனியில் செபஸ்தியின் வாசிப்பை அமுக்குவதற்காகவே இஞ்ஞாசி தம் கட்டி ஊதியிருந்தார். செபஸ்தி தொடை தெரிய லுங்கியை மடித்துக் கட்டியபடி வந்தார்.

"உன் டிரம்பெட்டு என்கிட்ட மன்னிப்புக் கேக்குதா? அன்னைக்கு அதக் கேட்ட பாவத்துக்கு என் காதுதான்யா பாவசங்கீர்த்தனம் பண்ணணும்."

"விளையாடாத செபஸ்தி. நேரமில்ல."

"சரி, மன்னிச்சேன். ஊது பாப்போம்."

ஊதினார். செபஸ்தி கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "முன்னைக்கு இது தேவல" என்றார்.

தெருவில் இறங்கியதும் போன் அடித்தது. மனைவி மதலேன்.

"மாப்பிள்ள வீட்டுக்காரங்க வேன்ல வந்து எறங்கிட்டாங்க. சம்பந்தி எங்கன்னு கேக்குறாங்க. நான் என்னத்தச் சொல்ல?"

"டிரம்பெட் பரிகாரத்துல இருக்குன்னு சொல்லு."

"சொல்லிட்டேன். அவங்க ஊர்லயும் அப்படித்தானாம். ஆனா பொண்ணு கல்யாணத்தன்னைக்குப் பாத்தா பண்ணுவாங்கன்னு கேக்குறாங்க."

வேறு வழி தெரியாமல் கோயிலுக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறினார். கண்டக்டர் பையைப் பார்த்தார்.

"வாத்தியம் பரிகாரத்துல இருக்கா?"

"ஆமா."

"அதுக்கு டிக்கெட் வேணாம். ஆனா பைக்குள்ள படுக்க வச்சிருக்கக் கூடாது. நின்னுக்கிட்டுத்தான் வரணும்."

இஞ்ஞாசி சீட்டில் உட்கார்ந்து, டிரம்பெட்டை எடுத்து நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். கோயில் நிறுத்தம் வந்தது. எழப்போனவரின் கைக்குள் அது லேசாகத் திரும்பியது. அதன் வாய் பஸ் போகிற திசையைப் பார்த்தது. திருப்பிப் பிடித்தார். மறுபடியும் அங்கேயே பார்த்தது. காலையிலிருந்து பைக்குள் கிடந்தது. அதற்குமுன் அதன் முகத்தை எப்போதும் தனக்கு வேண்டிய பக்கமே நீட்டியிருந்தார். இஞ்ஞாசி திரும்ப உட்கார்ந்துகொண்டார்.

மூன்று நிறுத்தம் தள்ளி அது தரையைப் பார்த்தது. இறங்கினார். அது காட்டிய சந்துகளில் நடந்து, அதுவரை போயிராத ஒரு தெருவில், தையல் போர்டு தொங்கிய ஒரு வீட்டுக்கு முன்னால் நின்றார். முப்பது வயதிருக்கும் ஒரு பெண், கழுத்தில் அளவு டேப்போடு கதவைத் திறந்தாள்.

"வா" என்றாள் டிரம்பெட்டைப் பார்த்து. பிறகு இவரைப் பார்த்து, "நீங்க?"

"நான்… இதோட ஆளு."

"வெளிய இருங்கண்ணே."

டிரம்பெட்டை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். உள்ளே தையல் மிஷின் கொஞ்சம் ஓடியது, நின்றது, ஓடியது. வெகுநேரம் நின்றது. இஞ்ஞாசி எதிர்ச் சுவரின் நிழலில் நின்றுகொண்டிருந்தார். டிரம்பெட்டுக்குள் இருப்பதெல்லாம் தான் ஊதிய மூச்சுதான் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தார். உதட்டோடு உதடாக வைத்துப் பழகிய பொருளுக்கு, தனக்குத் தெரியாமல் ஒரு தெருவும் ஒரு வீடும் இருந்திருக்கிறது. ஜெனிட்டாவும் இப்படித்தான். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே மாப்பிள்ளையின் பெயரைச் சொன்னாள். அதற்கு முன்பு எத்தனை நாள் அந்தப் பெயர் அவளுக்குள் இருந்ததோ, இவருக்குத் தெரியாது.

போன் மறுபடி அடித்தது. மணப்பெண் கார் கோயில் வாசலுக்கு வந்துவிட்டதாம். கதவைத் தட்டக் கை போனது. பாவசங்கீர்த்தனத் தொட்டியை யாரும் தட்டுவதில்லை. கையை இறக்கிக்கொண்டார்.

கதவு திறந்தது.

"முடிஞ்சதுண்ணே."

"என்னம்மா பண்ணுச்சு அது?"

"அது எங்களுக்குள்ள." டிரம்பெட்டில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டாள். "பொண்ணுக்குக் கல்யாணமாமே. நல்லா இருக்கட்டும்."

கல்யாணத்தைப் பற்றி இஞ்ஞாசி அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

ஆட்டோவில் திரும்பும்போது ஊதிப் பார்க்கவில்லை. பயமாக இருந்தது.

கோயிலில் எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். கீபோர்டு பையன் கல்யாண ஊர்வல இசையை வாசித்து வாசித்துக் களைத்திருந்தான். மாப்பிள்ளை பீடத்தடியில் கால் மாற்றி நின்றார். ஜெனிட்டா வாசலில் அசையாமல் நின்றாள்.

"வந்துட்டீங்களாப்பா. சத்தம் வருதா?"

"தெரியலம்மா."

"சரி, ஊதுங்க."

ஊதினார். வந்தது. அவர் விட்ட மூச்சைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது. அந்தக் கூடுதல் அவர் ஊதியதல்ல. ஜெனிட்டா நடந்தாள். பாட்டு எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் அவள் நடப்பாள் என்று தெரிந்ததும், ஒவ்வொரு அடியையும் இழுத்து ஊதினார். அவளும் மெல்லத்தான் போனாள். ஆனாலும் கோயில் அவ்வளவு பெரியதில்லை.

பூசை முடிந்தது. சாமி உடுப்பை மாற்றிக்கொண்டு மறுபடி தொட்டிக்குள் போய்விட்டார். பொண்ணு மாப்பிள்ளையை ஏற்றிப் போக மாப்பிள்ளை வீட்டு வேன் உறுமிக்கொண்டு நின்றது. கோயில் படியில் ஜெனிட்டாவின் செருப்பைக் காணவில்லை.

"தொட்டிக்குப் போயிருக்கும்மா" என்றார் கோயில்பிள்ளை மரியசெல்வம். "முன்னாடி ரெண்டு குடை நிக்குது."

"புதுச் செருப்புதான? சீக்கிரம் வந்துரும்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"பழசு அத்த. காலேஜுக்குப் போட்டுக்கிட்டுப் போனது."

"அப்ப நேரமாகும்" என்று அவர் டிரைவரைப் பார்த்து வண்டியை அணைக்கச் சொன்னார்.

ஜெனிட்டா பட்டுப்புடவையை முழங்காலுக்குக் கீழ் ஒதுக்கிக்கொண்டு படியில் அமர வந்தாள். அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்த இஞ்ஞாசி, கொஞ்சம் தள்ளி அவளுக்கு இடம் விட்டார்.