ஓட்டை போட்ட காகிதம்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையை ஏழு வயது மகள் தில்தே ஆண்டுவந்தாள். பசை, பாசிமணி, கத்தரிக்கோல், ஜிகினாத்தூள் எல்லாம் அவள் குடிமக்கள். சோறு சாப்பிட எங்களுக்குத்தான் இடமில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஆட்சியைக் கவிழ்த்தேன். பாசிமணிகளை நிறவாரியாகப் பிரித்து, பதினான்கு பெட்டிகளில் அடைத்து, பெயர்ச்சீட்டும் ஒட்டினேன்.

"திறப்பு விழாவுக்கு ராஜா வர்றாராமா?" என்றாள் என் மனைவி ரிக்கே. பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

நீச்சல் வகுப்பு முடிந்து வந்த தில்தே பெட்டிகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அப்பா, இங்க ஓட்டை ஓட்டையா வெட்டின தாள் இருந்துச்சே?"

"அந்தக் குப்பையா? போட்டுட்டேன் கண்ணு."

அவள் உதடு பிதுங்கியது. ரிக்கே என் காதருகே பல்லைக் கடித்தாள். "ஈஸ்டர் மொட்டைக் கடுதாசிய்யா அது! பேருக்குப் பதிலா புள்ளி வெச்சிருப்பா. யாருன்னு நீ கண்டுபிடிக்கலேன்னா சாக்லேட் முட்டை தரணும். மூணு நாளா உனக்காக வெட்டினா."

டென்மார்க்கிலேயே பிறந்து வளர்ந்து, சின்ன வயதில் இதே கடிதத்தை ஊரெல்லாம் அனுப்பிய மேதை நான்.

முற்றத்தில் பழைய காகிதம் போடும் பெரிய தொட்டிக்குள் இறங்கினேன். விளம்பரத் தாள்களுக்கு அடியில் கசங்கிக் கிடந்தது. தாளின் கடைசியில் கோணல்மாணலாகப் புள்ளிகள்.

"யாருன்னு சொல்லு பாப்போம்?" பின்னாலேயே வந்து தொட்டி விளிம்பில் தொற்றி நின்ற தில்தே மூக்கை உறிஞ்சியபடி கேட்டாள்.

தொட்டிக்குள் நின்றே நெடுநேரம் யோசித்தேன். "மாடி வீட்டு ப்ரேபென் மாமாவா?"

"இல்லியே!"

"அப்ப எனக்குத் தெரியலம்மா."

"தோத்துட்டே! பெரிய முட்டையா வாங்கணும்!" என்று அவள் போட்ட கூச்சலில் ப்ரேபென் ஜன்னலைத் திறந்து எட்டிப்பார்த்தார். நான் குப்பைக்குள்ளிருந்தே அவருக்கு வணக்கம் சொன்னேன்.