பாலத்தூணின் வெளிவளையங்கள்

அக்டோபர் 14, செவ்வாய். இன்று ஒரு சிறு பிழை செய்தேன். பாலத்தூணில் ஒட்டியிருந்ததைச் சேறு என்று நினைத்துத் தேய்த்துக் கழுவிவிட்டேன். அது சேறு அல்ல, மரம்.

நாட்குறிப்பில் ‘சிறு’ என்ற சொல்லை லக்‌ஷிகா வெட்டினாள். மிகைப்படுத்துகிறோமோ என்று சந்தேகம் வரவே, மறுபடி எழுதினாள்.

லண்டன் வால்தம்ஸ்டோவில் புதுக் குடியிருப்புக்கு அத்திவாரம் தோண்டிய இடத்தில், எப்போதோ தூர்ந்துபோன ஆற்றுக்கால் ஒன்று வெளிப்பட்டிருந்தது. அதன் கருஞ்சேற்றில் இரண்டு ஓக் மரத்தூண்கள் நின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய பாலமாக இருக்கலாம் என்றார்கள். தொல்லியல் மாலை வகுப்புக்காரருக்குக் கழுவும் வேலை கிடைத்தது. முதல் தூணில் அறுத்த துண்டு லக்‌ஷிகாவின் தொட்டிக்கு வந்தது. ஒரு பக்கமும் விடாமல், மேலிருந்து கீழாக, முறையாகத் தேய்த்தாள்.

வகுப்பை நடத்தும் ஷெறோன் துண்டைத் தூக்கிப் பார்த்தாள். “என்னப்பா, கலியாண வீட்டுச் சமையல் கிடாரம் மாதிரி மினுக்கி வச்சிருக்கிறீர்!” என்று சிரித்தவள், விளிம்பைத் தடவியதும் நிறுத்திக்கொண்டாள். “வெளிவளையங்கள் எங்கை?”

“மெத்தெண்டு இருந்தது அக்கா. சேறெண்டு நினைச்சன்.”

“அதுதான் மரத்தின்ரை கடைசி வருசங்கள். அது இருந்தாத்தான் எந்த வருசம் வெட்டினவை எண்டு சொல்லேலும். இனி, மிஞ்சின கடைசி வளையத்துக்குப் பிறகு எப்பவோ எண்டுதான் சொல்லலாம்.”

“மற்றத் தூண் இருக்குத்தானே?”

“ஓம், பட்டையோட இருக்கு. நாளைக்குப் பின்னேரத்துக்குள்ள எடுக்கவேணும். பிறகு கொங்கிறீற் போட்டிடுவினம்.”

இரவெல்லாம் மழை பெய்தது. காலையில் லக்‌ஷிகா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ஓடினாள். குழி பாதி நிறைந்திருந்தது. தண்ணீர் இறைக்கும் பம்ப்பின் பக்கத்தில், குழி வேலை பார்க்கும் சந்திரகுமார் நனைந்துகொண்டு நின்றார்.

“இறைக்க இறைக்க வருது தங்கச்சி. ஆறு தன்ரை விலாசத்தை மறக்கேல்லை.”

“நான் இறங்கட்டே அண்ணை? கொஞ்சந்தானே வெட்டவேணும்.”

“விசரே உமக்கு? சுவர் சரியுது. இறங்கினா உம்மையும் கிண்டித்தான் எடுக்கவேணும். பிறகு ஷெறோன் உமக்கும் வருசம் கண்டுபிடிப்பா.”

ஷெறோன் கட்டட வேலை மனேஜரிடம் போய் இன்னும் ஒரு நாள் கேட்டாள். அவர் வானத்தைக் காட்டினார், பிறகு சரிந்துகொண்டிருந்த சுவரைக் காட்டினார். அவரையும் குறை சொல்ல முடியவில்லை. வேலிக்கு வெளியே நின்ற லக்‌ஷிகாவுக்குத் தூணின் தலை தெரிந்தது. பட்டைகூடத் தெரிந்தது. மத்தியானம் பக்கச்சுவர் ஒரு பெருமூச்சுப்போலச் சரிந்து அதை மூடியது. பின்னேரம் சொன்னபடி கொங்கிறீற் லொறி வந்தது.

“துண்டின்ரை சீட்டில ‘வெளிவளையங்கள் இல்லை’ எண்டு எழுதினாக் காணும்,” என்றாள் ஷெறோன்.

“இருந்தது அக்கா.”

ஷெறோன் குடையை அவள் பக்கம் சாய்த்தாள்.

அக்டோபர் 15, புதன். இரண்டாவது தூணை எடுக்க முடியவில்லை. நாளை, துண்டை ஈரத்துணியில் சுற்றி ஆய்வுகூடத்தில் கொடுக்க வேண்டும். வெளிவளையங்கள் இருந்தன, கழுவும்போது நான்தான் நீக்கினேன் என்று சீட்டில் எழுத வேண்டும்.