ஏழு வீட்டுத் திருக்கைக் கறி

போசணை விஞ்ஞானத்தில் முதுமாணிப் பட்டம் எடுக்க வேண்டுமானால், மற்றவர்கள் என்ன தின்கிறார்கள் என்பதை நிறுத்து எழுத வேண்டும். அதற்காக இணுவில் தியாகலிங்கம் எழுபத்து நாலாம் ஆண்டு மார்கழியில் ஒரு தராசுடன் காங்கேசன்துறைக்கு பஸ் ஏறினார். வாடைக் காற்றில் வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. மீன் பிடிக்கிறவர்களிடம் மீன் இல்லாத மாதம் அது.

அவர் தெரிந்தெடுத்த ஒழுங்கையில் ஏழு வீடுகள். ஆறாவது குணலட்சுமியின் வீடு. அவளுடைய கடைசிப் பிள்ளை பத்மாவதிக்கு இரண்டரை வயது. கால் வீங்கி, தலைமயிர் செம்பட்டையாகி, பிள்ளை சிரிப்பதையே விட்டுவிட்டிருந்தது. புரதம் இல்லாத வீக்கம், பால்மா கொடுத்தால் வற்றும் என்று ஆஸ்பத்திரி அப்போதிக்கரி சொல்லியிருந்தார். பால்மாவை ஒரு நலன்புரிச் சங்கம் வெள்ளிக்கிழமைகளில் கொடுத்து வந்தது. இனி யார் யாருக்குக் கொடுப்பது என்பதைத் தியாகலிங்கத்தின் அறிக்கையைப் பார்த்தே தீர்மானிப்பார்கள். அவர் இதை ஒழுங்கைக்கு மறைக்கவில்லை. "நுகர்வு மதிப்பீட்டின் அடிப்படையிலான குறைநிரப்பு ஒதுக்கீடு" என்று விளக்கமாகவே சொன்னார். எல்லோரும் விளங்கியது போல மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

முறைப்படி அடுப்படியில் நின்று ஒவ்வொருவரின் சாப்பாட்டுக் கோப்பையையும் நிறுக்க வேண்டும். தியாகலிங்கம் மனித சமத்துவம் பற்றி மேடையில் நன்றாகப் பேசக்கூடியவர். ஆனாலும் கடற்கரை வீடுகளுக்குள் கால் வைத்தால் தாயார் தீட்டென்று கிணற்றடியில் மறித்துத் தலை முழுக வைப்பார். ஆகவே தராசை வாசற்படலைக் கம்பில் தூக்கினார். சட்டி படலைக்கு வந்தது. சைவக்காரர் என்றபடியால் லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, தராசின் முள்ளை மட்டும் பார்த்து, ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி வாசித்து எழுதினார்.

அந்த வாசிப்புத்தான் வினையாயிற்று. முதல் வீட்டுப் பராசக்தியிடம் தம்பி எங்கிருந்தோ கொண்டுவந்து கொடுத்த திருக்கை இருந்தது. கறி மூன்றரை இறாத்தல். இரண்டாம் வீட்டில் கஞ்சி மட்டுந்தான். அதை ஊரறிய வாசிக்க விடுவதா? அவர் கொப்பியை மூடி நடப்பதற்குள் பராசக்தியின் சட்டி பின்வேலியில் ஆள் நுழையும் பொட்டால் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. அங்கிருந்து மூன்றாம் வீட்டுக்கு. ஆறாம் வேலிக்கு வந்தபோது குணலட்சுமி தயங்கினாள்.

"கஞ்சியையே காட்டுவமோ?"

"காட்டு. நாளைக்குச் சந்தையிலை உன்ரை கஞ்சியைத்தான் கதைப்பினம்," என்றாள் சட்டியை நீட்டிக்கொண்டிருந்த ஐந்தாம் வீட்டு மகாதேவி. "பிடியடி, கை சுடுது. கெதியாய்க் காட்டிப்போட்டு அங்காலை விடு."

குணலட்சுமி பிடித்தாள்.

ஏழு வீட்டிலும் மூன்றரை இறாத்தல். நாலாம் வீட்டிலிருந்து மட்டும் இரண்டு அவுன்சு குறைவு. யாரோ ருசி பார்த்திருக்க வேண்டும். வேறொருவர் என்றால் சந்தேகப்பட்டிருப்பார். தியாகலிங்கத்துக்கு அது கண்டுபிடிப்பாகத் தெரிந்தது. 'கரையோரச் சமூகத்தில் புரதப் பங்கீட்டின் வியத்தகு சமச்சீர்மை' என்று ஒரு அத்தியாயமே எழுதினார். பேராசிரியர் மெச்சினார். தையில் அந்த ஒழுங்கைக்குப் பால்மா நின்றது.

குணலட்சுமி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இணுவிலுக்குப் போய் அவர் வீட்டு வாசலில் நின்றாள்.

"அந்தக் கறி எங்கடையில்லை ஐயா. ஏழு வீட்டிலையும் நீங்கள் நிறுத்தது ஒரே சட்டி."

தியாகலிங்கம் கொப்பியை எடுத்து ஏழு வீட்டு நிறையையும் திரும்பப் பார்த்தார். பிறகு, "ஏன் பொய் சொன்னனீங்கள்?" என்றார்.

"நாங்கள் ஒண்டும் சொல்லேல்லை. நீங்கள் கேக்கவும் இல்லை. உள்ளுக்கு வந்திருந்தா அடுப்பைக் கண்டிருப்பியள்." பிள்ளையின் காலை விரலால் அழுத்திக் காட்டினாள். அழுத்திய இடம் குழியாகவே நின்றது. "இவளின்ரை பேரை மட்டும் திருப்பி எழுதிவிடுங்கோ."

அந்தக் குழியைப் பற்றி அவர் இரண்டு பரீட்சைகளில் எழுதியிருக்கிறார். கண்ணால் கண்டது அன்றுதான். அவர் கெட்ட மனிதர் அல்லர். அன்றே பேராசிரியருக்கு எழுதினார். பதில் ஒரு கிழமையில் வந்தது. இப்போது கைவைத்தால் அத்தியாயம் விழும், பட்டம் இரண்டு வருடம் தள்ளும், பங்குனியில் பட்டம் கைக்கு வந்தபின் திருத்தலாம் என்றிருந்தது. இரண்டு மாதந்தானே என்று தியாகலிங்கம் பொறுத்தார்.

மாசியில் பத்மாவதி இறந்துபோனாள்.

பங்குனியில் பட்டம் கிடைத்தது. மறுநாளே, சொன்ன சொல் தவறாமல், சங்கத்துக்குத் திருத்தக் கடிதம் அனுப்பினார். சித்திரையில் புதிய பட்டியல் வந்தது. முதற்பெயர் பத்மாவதி. வெள்ளிக்கிழமை அந்தப் பெயரைக் கூப்பிட்டபோது குணலட்சுமி "ஓம்" என்று எழும்பிப் போய்ப் பால்மாவை வாங்கிக்கொண்டாள். வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள் இருந்தன.