நாலரை மணிப் பூமாரி

திருமங்கலத்துக்கு மேற்கே பருத்திக் காடுகளுக்கு நடுவில் இருந்த அந்தச் சின்ன விமானக் கிளப்பில் இருந்தது ஒரே ஒரு விமானம். நாலு பேர் உட்காரலாம். அன்று அதன் பின்சீட்டில் ஆளுக்குப் பதில் பூக்கூடைகள் உட்கார்ந்திருந்தன. செவ்வந்தியும் அரளியும் ரோஜா இதழுமாக, உசிலம்பட்டிப் பக்கத்து ஊர் ஒன்றின் பெண்கள் விடிந்ததிலிருந்து உதிர்த்துக் கொடுத்தவை. சாயந்தரம் நாலரை மணிக்கு அவர்கள் அம்மன் தேரேறும்போது, வானத்திலிருந்து பூ விழ வேண்டும்.

ஓட்டப் போகிறவள் இந்துப்ரியா. பசுமலையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். விமானம் ஓட்டுவது அவளுக்குப் பிழைப்பு அல்ல, ஆசை. அந்த ஆசைக்கான உரிமத்தை வாங்க அவள் எத்தனை வருடம் நகை, புடவை என்று எதையும் பார்க்காமல் இருந்தாள் என்பது அவள் வீட்டாருக்குத்தான் தெரியும். சாமி காரியம் என்றதும் சும்மாவே ஓட்டித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டிருந்தாள்.

கூடவே பறந்து பூவைக் கொட்டப் போகிறவர் அழகுராஜா, கோயில் கமிட்டித் தலைவர். வெள்ளை வேட்டி, பட்டுத் துண்டு, நெற்றி நிறையத் திருநீறு. போனில் யாரிடமோ, "மாப்ள, வண்டி இந்தா கெளம்பப் போகுது. மேல இருந்து கைய ஆட்டுவேன், பாத்துக்க" என்று அடுத்த காட்டுக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார்.

கிளப்பின் செயலாளர் கோகுல்நாத் ஒரு டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் விமானம் ஓட்டத் தெரிந்தவர் அல்ல. கிளப்பை நடத்தத் தெரிந்தவர். பறக்கும் வழியையும் வானிலையையும் பார்த்துச் சொல்லும் மென்பொருள் ஒன்றைக் கிளப்புக்கு வாங்குவதாக ஒரு கம்பெனியிடம் வாக்குக் கொடுத்திருந்தார். இன்று இந்துப்ரியா பறந்து இறங்கியதும், 'இதை நம்பித்தான் பறந்தேன்' என்று கேமராவைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது அவர் ஏற்பாடு.

"பாரு இந்து. எல்லாம் நேத்தே போட்டு வச்சிட்டேன். பச்சை! மேகப் படம் பாக்க வேணாம், வானிலை அறிக்கை படிக்க வேணாம். பச்சைன்னா போ, செவப்புன்னா நில்லு. இம்புட்டுத்தான்."

இந்துப்ரியா திரையை வாங்கிப் பார்த்தாள். அழகான திரைதான். மூலையில் நேரம் 0430 என்றிருந்தது. பக்கத்தில் பொடியாக ஓர் இசட் எழுத்து.

"அண்ணே, இந்த நேரம் யார் போட்டது?"

"நான்தான். நோட்டீஸ்ல நாலரைன்னுதானே போட்டிருக்கு?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உடனே அடங்கியும் போனது. விமானக்காரர்களுக்கு உலகம் முழுக்க ஒரே கடிகாரம்; அந்த இசட் அதன் அடையாளம். அது நம் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடும். கோயில் நோட்டீசில் இருந்த நாலரையை அப்படியே அதில் போட்டால், அது நம்மூர்க் காலை பத்து மணி.

"இது காலையில அடிச்ச வெயிலுக்குக் காட்டுற பச்சைண்ணே. சாயந்தரத்துக்கு இல்ல."

நேரத்தைத் திருத்திப் போட்டாள். பச்சை போய் மஞ்சள் வந்தது. ஏன் மஞ்சள் என்று கேட்டால் சொல்ல அந்தத் திரையில் ஒரு வரிகூட இல்லை.

கோகுல்நாத் அசரவில்லை. "மஞ்சள்தானே! நம்ம ஊரு சிக்னல்ல மஞ்சள் விழுந்தா யாரும்மா நிக்கிறா? இன்னும் முறுக்குவோம்."

அழகுராஜா வாய்விட்டுச் சிரித்தார். இந்துப்ரியா தன் போனை எடுத்தாள். அவள் எப்போதும் பார்க்கிற செயலி பார்வைக்கு ஒன்றும் இல்லாதது. விமான நிலைய அறிக்கை, ரேடார் படம், மின்னல் புள்ளிகள். ஒவ்வொன்றின் அடியிலும் அது எப்போது எடுத்தது என்று இருக்கும். தகவல் இல்லாத இடத்தில் 'தகவல் இல்லை' என்று வெறுமையாக விட்டுவிடும். அந்த வெறுமைக்காகவே அவளுக்கு அதைப் பிடிக்கும். இப்போது அந்தப் படத்தில், மேற்கு மலைகளின் மேல் கொத்தாக ஒரு மேகம் கட்டியிருந்தது. அதற்குள் மின்னல் புள்ளிகள். அதற்கும் திருவிழா ஊருக்கும் இடையில் என்ன நடக்கிறது என்று சொல்ல எந்தக் கருவியும் அங்கே இல்லை.

"நான் வண்டிய எடுக்கலண்ணே," என்றாள்.

கோகுல்நாத்தின் முகம் மாறியது. சட்டென்று வீட்டு மொழியில், சௌராஷ்டிரத்தில் இறங்கினார். ஊர்க்காரர் முன்னால் மானத்தை வாங்காதே, மேகம் எங்கோ இருக்கிறது, கால் மணி நேர வேலை, போய்விட்டு வந்துவிடு, அழகுராஜாவுக்கு இதெல்லாம் தெரிய வேண்டியதில்லை என்றார்.

அவளும் அதே மொழியில் பிறந்தவள்தான். ஆனால் தமிழில் பதில் சொன்னாள், அழகுராஜாவைப் பார்த்து.

"அண்ணே, மலை மேல இடி மேகம் நிக்குது. நம்ம பக்கம் வரலாம், வராமலும் போகலாம். வந்துச்சுன்னா இந்தச் சின்ன வண்டியால தாங்க முடியாது. ஏறப் போறது நீங்க. அதனால உங்களுக்குத் தெரியணும்."

அழகுராஜா மேற்கே திரும்பிப் பார்த்தார். "ஆத்தா காரியம் தாயி. அவ பாத்துக்கிட மாட்டாளா?"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கா. அதான் ஏறுறதுக்கு முன்னாடியே காட்டிட்டா."

"ஊரே அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்குமே! நான் என்னன்னு மொகத்தக் காட்ட?"

"நான் வாரேன். நானே சொல்றேன்."

"இந்து," என்றார் கோகுல்நாத், "இன்னைக்கு நீ எடுக்கலைன்னா இனிமே இந்தச் சாவி உன் கையில வராது."

அவள் விமானச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள். பிறகு பூக்கூடைகளை ஒவ்வொன்றாகத் தன் காருக்கு மாற்றினாள்.

வழியெல்லாம் வெயில். அழகுராஜா கண்ணாடியை இறக்கி வானத்தைப் பார்ப்பதும் பெருமூச்சு விடுவதுமாக வந்தார். "மண்டையப் பொளக்குது. எங்க தாயி உன் மழை?" அவள் ரோட்டைப் பார்த்து ஓட்டினாள். உள்ளுக்குள் ஒரு குரல், மழை வரட்டுமே என்று கேட்டது. தன் வார்த்தை ஜெயிக்க வேண்டும் என்பதற்காக ஓர் ஊரின் திருவிழாவில் மழை கேட்பதா? வெட்கமாக இருந்தது. வராமலே இருக்கட்டும் தாயே என்று மனதைத் திருப்பிக்கொண்டாள்.

வரவில்லை. மேகம் மலையைத் தாண்டவே இல்லை. தேரடியில் கூட்டம் கழுத்து வலிக்க நின்றது. அவள் மைக்கை வாங்கினாள்.

"ஏரோப்பிளேன் வராது. வானிலை நம்புற மாதிரி இல்லைன்னு நான்தான் மாட்டேன்னு சொன்னேன். கிளப்பு மேலயோ தலைவர் மேலயோ தப்பு இல்ல. பூ வந்திருக்கு."

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. "என்னக்கா, பிளேன் பஞ்சரா?" என்றான் ஒருவன். "ஸ்டெப்னி இல்லியா?" என்றான் இன்னொருவன். அவள் இறங்காமல் நின்றாள்.

அழகுராஜாவின் மனைவி பாண்டியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அன்று பூவை உதிர்த்த பெண்களுக்கெல்லாம் தலைவி அவள்தான். புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"முழுசா வந்துட்டாருல்ல? பொறவு என்னடா சிரிப்பு? யம்மா, கூடையத் தூக்கு. வாட்டர் டேங்க் இருக்கு."

பெண்கள் தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் வரிசையாக நின்று கூடைகளைக் கைமாற்றினார்கள். மேலே போனவர்களில் இந்துப்ரியாவும் இருந்தாள். தேர் தொட்டியடிக்கு வந்தபோது செவ்வந்தியும் அரளியும் கொட்டின. காற்று பாதியைப் பக்கத்துக் கூரைகளுக்குக் கொண்டுபோனது. மீதி அம்மன் தலையில் விழுந்தது. குலவைச் சத்தம் எழுந்தது.

கீழே இறங்கியதும் போன் அடித்தது.

"ஊர்ல பொட்டு மழை இல்லையாமே," என்றார் கோகுல்நாத். "போயிருக்கலாம்ல? இப்பவாவது அந்த மென்பொருள் சரிதான்னு ஒரு வார்த்தை சொல்லு. சாவியப் பத்திப் பேசுவோம்."

"மழை வராதது அதோட கெட்டிக்காரத்தனம் இல்லண்ணே. என்னோடதும் இல்ல. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ற கருவிய வாங்குங்க. நேரத்தை நம்ம மணியில போட்டா, இது எந்த மணின்னு திருப்பிக் கேக்குற கருவிய வாங்குங்க. காரணம் சொல்லாம கலர் மட்டும் காட்டுறதுக்கு நான் பேர் கொடுக்க மாட்டேன். நம்ம உறுப்பினர் ஒவ்வொருத்தர்கிட்டயும் இதைச் சொல்லத்தான் போறேன்."

"அப்ப பறக்கறத மறந்துரு."

"மறக்க மாட்டேன். ஆனா பேர் கொடுக்க மாட்டேன்."

அவர் போனை வைத்துவிட்டார். இந்துப்ரியாவின் கண் நிறைந்திருந்தது. பாண்டியம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

"இனி ஓட்ட விடமாட்டாகளா?"

"தெரியலக்கா. இந்தக் கிளப்புல விட மாட்டாங்க போல. வேற இடம் தேடணும்."

"தேடு. அடுத்த வருசமும் பூ உதிர்ப்போம். ஆகாசத்துல வந்தாலும் சரி, காருல வந்தாலும் சரி, கூடை உன் கையிலதான்."

அழகுராஜா துண்டை உதறிப் பந்தியில் ஓர் இடத்தைத் தட்டிவிட்டார். "உக்காரு தாயி. இந்தா, இலை போட்டாச்சு."

அவள் உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இலையில் தண்ணீர் தெளித்தாள்.