இடியப்பம் என்றால் இடது மூலை

ஆட்டத்தின் கடைசிக் குவார்ட்டரில் மூன்று நிமிடம் மிச்சமிருந்தது.

றொஜன் குனிந்து பந்தில் கை வைத்தான். கால்களுக்கு இடையால் தர்சிகனின் கைகள் தலைகீழாகத் தெரிந்தன. அமெரிக்கன் ஃபுட்போலில் பந்தைப் பின்னால் கொடுப்பவன் றொஜன். வாங்கி எறியும் குவார்ட்டர்பேக் தர்சிகன், றொஜனின் பெரியம்மாவின் மகன். இருவரின் ஆட்டமும் பிளேஸ்டோ பார்க்கில் தொடங்கியது. இப்போது ஸ்டேஷன் சுவர்களில் தர்சிகனின் படம். றொஜனை அவனுடைய தெருவிலேயே ஒருவருக்கும் தெரியாது. அதில் அவனுக்குக் குறையில்லை.

இன்றைக்கு மேலே பார்வையாளர் வரிசையில் அமெரிக்க அணி ஒன்றின் ஆட்கள் இருந்தார்கள். தர்சிகனைக் கொண்டுபோக வந்தவர்கள்.

கடைசி நேரத்தில் ஆட்டத்தை மாற்ற தர்சிகன் தமிழில்தான் கத்துவான். எல்லாம் சாப்பாடு. புட்டு என்றால் வலப்பக்க ஓட்டம். சொதி என்றால் நடுவில் குறுகிய எறிதல். அணியின் வெள்ளைக்காரப் பெடியள் எல்லோரும் பாடமாக்கியிருந்தார்கள்.

"இண்டைக்கு என்ன சமையல், செஃப்?" எதிரணியில் நின்ற தடியன் கேட்டான்.

மற்ற நாளென்றால் தர்சிகன் திருப்பிக் கொடுப்பான். இன்றைக்குக் கைகளை மட்டும் நீட்டினான்.

போன ஆட்டத்தில் அவன் தலை நிலத்தில் அடிபட்டது. அணியின் டொக்டர் கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னான். பிறகு றொஜனையும் ஏற்றிக்கொண்டு வால்தம்ஸ்டோவில் இருக்கும் தன் வீட்டுக்குப் போகாமல், பிளேஸ்டோவில் எப்போதோ விட்டுவிட்டு வந்த வாடகை வீட்டுக்குப் போனான். திறப்பைக் கதவில் போட்டுத் திருப்பிக்கொண்டே நின்றான்.

"ஆரிட்டையும் வாய் திறந்தியோ, நீ என்ர தம்பியில்லை," என்றான் காருக்குள். "ஞாயிறு மேட்ச் முடியும் மட்டும் பொறு."

றொஜன் இன்றைக்கு வரை பொறுத்தான்.

"இடியப்பம்!" தர்சிகன் கத்தினான். "இடியப்பம்!"

பக்கத்தில் நின்ற அணிக்காரன் டேனி திரும்பினான். "அதென்ன, புதுசா?"

புதுசில்லை. இடியப்பம் என்றால் இடது மூலைக்கு நீள எறிதல், கிறிஸ்துராஜாவுக்கு. கிறிஸ்துராஜா முழங்கால் முறிந்து, விளையாட்டை விட்டு, கனடாவுக்குப் போய் நாலு வருடம். அந்தச் சொல்லை அதற்குப் பிறகு ஒருவரும் சொன்னதில்லை.

இடது மூலை வெறுமையாகக் கிடந்தது.

எதிரே நின்றவர்கள் பாயக் குனிந்திருந்தார்கள். பந்து கைமாறினால் பாய்வார்கள். தர்சிகனோ அங்கே இல்லாத ஒருவனைப் பார்த்துக்கொண்டு, பந்தை ஓங்கியபடி நிற்பான்.

றொஜன் பந்தைக் கொடுக்கவில்லை.

"டேய், குடுடா!"

கொடுக்கவில்லை. நேரம் கடந்து நடுவர் விசில் ஊதினார். தாமதத்துக்குத் தண்டனை. கூட்டம் கூவியது. றொஜன் பந்தை நெஞ்சுக்குக் கீழே இழுத்து அதன்மேல் படுத்தான். ஒரு கையை டொக்டர் நின்ற பக்கம் உயர்த்தினான்.

தர்சிகன் அவனருகே முழந்தாளிட்டான். ஹெல்மெட்டுகள் முட்டின. முகத்தில் கோபமே இல்லை. அதுதான் றொஜனைப் பயப்படுத்தியது.

"எழும்படா தம்பி. பாவம், கிறிஸ்து எவ்வளவு நேரமா அங்க கையை நீட்டிக்கொண்டு நிக்கிறான், உனக்குத் தெரியேல்லையே?"