டீசல் எட்வர்ட்

பெரியாஸ்பத்திரி ஸ்டாப்பில் பஸ் நின்றது. இஞ்சின் சத்தமும் நின்றது. உடனே பதினோரு பேர் மளமளவென்று இறங்கிவிட்டார்கள். திருவள்ளூரில் சத்தம் போடாமல் நிற்கிற பஸ் என்றால் அது ரிப்பேரான பஸ்தான், இறங்கித் தள்ளவேண்டியதுதான். ஆண்கள் இரண்டு பேர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பின்பக்கம் போனதைக் கண்ணாடியில் பார்த்தேன். திருவாலங்காட்டிலிருந்து ரயிலில் வந்து காக்களூரில் பம்ப் பட்டறை வேலைக்குப் போகிற கன்னியம்மா, சோற்றுப் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள்.

"இன்னாண்ணா, படுத்துக்கிச்சா?"

"ஏறும்மா. வண்டி நல்லாத்தான் கீது."

அவள் நம்பவில்லை. நம்பவைக்க நான் பஸ்ஸை நாலடி முன்னால் நகர்த்தினேன். உறுமல் இல்லை, உதறல் இல்லை, கப்பென்று வருகிற புகை இல்லை. "ஐயய்ய, தானா போவுதுடீ!" என்று அவள் கத்திக்கொண்டு ஓடிவந்து ஏறினாள். பஸ்ஸே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. டேஷ்போர்டில் எரிந்த பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றரை மாதமாக அந்த ஸ்டாப்பில் எரியாத விளக்கு அன்று எரிந்தது. அது ஏன் எரிகிறது என்பதும், இத்தனை நாள் ஏன் எரியவில்லை என்பதும் அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்துபோயிற்று. தெரியாமலே இருந்திருக்கலாம்.

என் பெயர் எட்வர்ட். பஸ் ஸ்டாண்டில் கேட்டால் டீசல் எட்வர்ட் என்றால்தான் தெரியும். எங்கள் வம்சத்தில் எல்லோரும் அடுத்தவன் கழனியில் குனிந்தவர்கள். நிமிர்ந்து உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் நான்தான். அந்த நிமிர்வு தலைக்கு ஏறியிருந்தது என்று சொன்னால் மறுக்கமாட்டேன். நான் இருபத்தாறு வருஷம் ஓட்டிய தனியார் கம்பெனியின் ஷெட்டில் ஒரு கரும்பலகை உண்டு. எந்த டிரைவர் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுத்தான் என்று மாதாமாதம் சாக்பீஸில் எழுதுவார்கள். அதில் பத்தொன்பது வருஷம் முதல் பெயர் என்னுடையது. வித்தை ஒன்றும் பெரிதில்லை. ஸ்டாப் கண்ணில் பட்டதுமே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு கியரை நியூட்ரலில் தள்ளிவிடவேண்டும். பஸ் தன் கனத்திலேயே உருண்டு வந்து சரியாக ஸ்டாப்பில் நிற்கும், ஒரு சொட்டு டீசல் அதிகம் குடிக்காது. எங்கே தள்ளினால் எங்கே வந்து நிற்கும் என்பது கைக்குத் தெரிந்திருக்கவேண்டும், அவ்வளவுதான். என் கைக்குத் தெரியும்.

அந்தக் கம்பெனி மூடியபிறகு, 2008-இல், காக்களூர் தொழிற்பேட்டையில் மோட்டார் பட்டறை வைத்திருந்த ஷஃபியுல்லா பாய் என்னைக் கூப்பிட்டார். பழவேற்காட்டுக்காரர். அவர் மகள் நௌஷீன் இஞ்சினியரிங் முடித்துவிட்டு ஒரு பழைய பஸ்ஸை வாங்கிப் பிரித்துப்போட்டு, இஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே ஒரு மின்சார மோட்டாரைச் செருகியிருந்தாள். சீட்டுக்கு அடியில் வரிசையாக பேட்டரிகள். ரயில்வே ஸ்டேஷனிலிருந்து பஜார், ஆஸ்பத்திரி வழியாகத் தொழிற்பேட்டைக்கு ஆட்களை ஏற்றிவரும் பஸ் அது. கொஞ்ச தூரம் கரண்டில் ஓடும், மீதி தூரம் டீசலில் ஓடும்.

"பேட்டரி கொஞ்சந்தான் தாங்கும்ணா. கண்ட எடத்துல செலவு பண்ணக்கூடாது. ஜனம் நெருக்கமா நிக்கிற எடத்துக்குன்னு சேத்து வெச்சுக்கணும். ஸ்டேஷன், பஜார், ஆஸ்பத்திரி. அந்த மூணு எடத்துல இஞ்சின் தானா ஆஃப் ஆயி பச்ச வெளக்கு எரியும்" என்றாள் முதல் நாள். பிறகு முக்கியமான விஷயத்தைச் சொன்னாள். கியரில் இருந்தபடியே வேகத்தைக் குறைத்தால் சக்கரம் மோட்டாரைச் சுற்றும், பேட்டரி ஏறும். நியூட்ரலில் போட்டுவிட்டால் சக்கரத்துக்கும் மோட்டாருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. பேட்டரி காலியானால் இஞ்சின் தானாக எழுந்துகொண்டு, பஸ்ஸையும் இழுக்கவேண்டும், பேட்டரியையும் ஏற்றவேண்டும், புகை முன்னைவிட அதிகம் வரும். "அதனால வேகத்த கொறைக்கும்போது கியர்லயே எறக்குங்கண்ணா."

"சரிம்மா" என்றேன். லைசென்ஸ் வாங்கி மூன்று வருஷம் ஆகாத பெண் எனக்கு பஸ்ஸை நிறுத்தக் கற்றுக்கொடுக்கிறாளே என்று உள்ளுக்குள் சிரிப்புதான். கியரில் இறக்கினால் யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பது மாதிரி பஸ் முரண்டு பிடித்தது. அது எனக்கு அசிங்கமாக இருந்தது. டீசலை மிச்சம் பிடித்தால் புகை குறையும், இதில் என்ன பெரிய படிப்பு என்று நான் என் வழக்கப்படியே நியூட்ரலில் உருட்டினேன். கெட்ட எண்ணம் இல்லை. நல்லது செய்வதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வேலைக்கு நான் சம்மதித்ததே ஹெலனுக்காகத்தான். என் மனைவி. ஆஸ்பத்திரி ஸ்டாப்புக்கு நேர் எதிரே அவளுடைய ஜெராக்ஸ் கடை. எஸ்.டி.டி. பூத்தாக ஆரம்பித்தது, எல்லார் கையிலும் செல்போன் வந்தபிறகு ஜெராக்ஸ் மட்டும் மிஞ்சியது. ஏழெட்டு வருஷமாக நாள் முழுக்க பஸ்களின் பின்புறத்தைப் பார்த்து உட்கார்ந்து அவளுக்கு மூச்சிரைப்பு வந்துவிட்டது. டாக்டர் இடத்தை மாற்றச் சொன்னார். ஆஸ்பத்திரி ஜனத்தை நம்பின கடையை எங்கே கொண்டுபோய் வைப்பது? "இனிமே நம்ம பஸ் உன் கட முன்னாடி பொகையே உடாது பாரு" என்று நான்தான் ஜம்பமாகச் சொன்னேன்.

பத்து நாள் கழித்து அவள் சொன்னாள், "மத்த பஸ்ஸெல்லாம் பரவால்லய்யா. உன்னுதுதான் கறுப்பா கக்கிக்கினு போவுது."

சனிக்கிழமைகளில் நௌஷீன் ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் நின்று என் பஸ்ஸின் குழாயில் மீட்டர் வைத்துப் புகையை அளப்பாள். ஹெலன் சொன்னதையே மீட்டரும் சொன்னது. பழைய பஸ்ஸாக இருந்தபோது விட்டதைவிட இப்போது அதிகம். நௌஷீனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அண்ணா, கியர்லதானே எறக்குறீங்க?" என்று கேட்டாள். "ஆமாம்மா" என்றேன். அவ்வளவுதான், அவள் திரும்பக் கேட்கவில்லை. என் வார்த்தையை நம்பி, பேட்டரிதான் மோசம் என்று முடிவுகட்டி, விற்றவனை போனில் வறுத்தெடுத்து நாலு பேட்டரியை மாற்றினாள். புகை குறையவில்லை. மாதக் கடைசிக்குள் சரியாகவில்லை என்றால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பஸ்ஸை கும்மிடிப்பூண்டி கம்பெனி ஒன்றுக்கு ஸ்டாஃப் பஸ்ஸாக விட்டுவிடுவதாக ஷஃபியுல்லா பாய் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் அந்த நாள் வந்தது. திருவாலங்காட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று ரயில்வே ஸ்டேஷனிலிருந்தே எனக்கு முன்னால் ஆடி அசைந்து போயிற்று. முந்த வழியில்லை, உருட்டவும் வழியில்லை. கியரை விடாமல் வேகத்தைக் குறைத்துக் குறைத்து ஊர்ந்துகொண்டே வந்தேன். ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் பச்சை விளக்கு எரிந்தது, கன்னியம்மாவும் மற்றவர்களும் இறங்கினார்கள். பழுது பேட்டரியில் இல்லை, என் கையில் இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

புரிந்த மனுஷன் அன்று மாலையே போய்ச் சொல்லியிருக்கவேண்டும். நான் சொல்லவில்லை. அந்த பஸ்ஸின் வேகத்தையும் பேட்டரி ஏற்றத்தையும் ஒரு பெட்டி பதிந்துகொண்டே இருக்கும். நாளையிலிருந்து நான் சரியாக ஓட்டினால் அது வரைகிற கோடு திடீரென்று மாறிவிடும், இத்தனை நாள் சொன்னது பொய் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். பொய்யைக் காப்பாற்றவேண்டும் என்றால் தப்பாகவே ஓட்டவேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிவிடலாம் என்று ஒரு பக்கம் நினைத்தேன். ஆனால் ஸ்டாப் கண்ணில் பட்டதும் கை என்னைக் கேட்காமலே நியூட்ரலுக்குப் போனது. கையைத் திட்டிக்கொண்டே மூன்று வாரம் ஓட்டினேன்.

அதில் முதல் வாரமே பெட்டியைப் பார்த்துவிட்டு நௌஷீன் ஓடிவந்தாள். "அண்ணா, அந்த ஒரு நாள் மட்டும் பேட்டரி நல்லா ஏறியிருக்கே, அன்னிக்கு இன்னா நடந்துச்சு?"

"கரும்பு டிராக்டர் பின்னாடி மாட்டிக்கினேம்மா."

அது நிஜம்தான். நிஜத்தில் பாதியைச் சொன்னேன். அவள் அதைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகப் போனால்தான் பேட்டரி ஏறும்போலிருக்கிறது என்று பஸ்ஸுக்கு வேகக் கட்டுப்பாடு வைத்தாள். ஆட்கள் தினமும் லேட்டாகப் போய் கேட்டில் நின்றார்கள். "கரண்ட் பஸ்ஸுல வந்து அர நாள் வேல போச்சுண்ணா, ஒரே பேஜாரா கீது" என்று கன்னியம்மா என்னிடம்தான் சண்டைக்கு வந்தாள். இரவல் சட்டை போட்டவன் மாதிரி கூசிக்கொண்டு திரிந்தேன்.

மாதக் கடைசிக்கு ஒன்பது நாள் இருந்தபோது, காலை இரண்டாவது டிரிப்பில் ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் நிற்கிறேன், ஹெலன் கடையில் இல்லை. பக்கத்துக் கடை பூவம்மாள் ரோட்டில் நின்று கையை ஆட்டினாள். "உங்க சம்சாரத்தத் தூக்கிக்கினு போயிருக்காங்க. மூச்சே உடமுடில." பஸ்ஸை அப்படியே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குள் ஓடினேன். பெண்கள் வார்டில் முகத்தில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவள் பயப்படாதே என்பது மாதிரி கையை அசைத்தாள். அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. அங்கிருந்தே பார்த்தால் ஜன்னல் வழியாக என் பஸ் தெரிந்தது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, குழாயிலிருந்து கறுப்பாக வந்துகொண்டிருந்தது.

அவளுக்கு மூச்சிரைப்பு தணிந்ததும் நேரே காக்களூருக்குப் போனேன். பட்டறையில் நௌஷீன் தரையில் உட்கார்ந்து ஒயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே ஒரே மூச்சில் சொன்னேன். முதல் நாளிலிருந்து நியூட்ரல்தான், கேட்டபோதெல்லாம் சொன்னது பொய், டிராக்டர் விஷயத்தில் பாதி, எல்லாம்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தாள். "அந்த பேட்டரிக்காரர எவ்ளோ பேசிட்டேன்ணா" என்றாள். பிறகு, "எனக்கு ஒண்ணுந் தெரியலன்னு ராத்திரியெல்லாம் அழுதேன். வாப்பாகிட்ட நான் படிச்சதே வேஸ்ட்டுன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

ஷஃபியுல்லா பாய் என்னைப் பார்க்காமல் மகளைப் பார்த்துச் சொன்னார், "மிச்ச நாளுக்கு ஷாகிர் ஓட்டட்டும்." ஷாகிர் பட்டறை வேன் ஓட்டுகிறவன். பெரிய வண்டி லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம்தான். டீசல் மிச்சம் பிடித்து ஒரு பலகையிலும் பெயர் வந்ததில்லை. நான் சாவியைக் கழற்றி மேஜையில் வைத்தேன். "இனிமே கியர்லயே எறக்குறேம்மா, ஒரு சான்ஸ்" என்று கேட்க வாயெடுத்தேன். நௌஷீனே முந்திக்கொண்டாள். "உங்க மேல கோவம் இல்லண்ணா. உங்க கைய நம்ப முடியல." என்னாலேயே நம்பமுடியாத கைதான் அது.

ஹெலனிடம் லீவு என்று சொன்னேன். மூன்றாம் நாளே அவள் கடையைத் திறந்துவிட்டாள், சொன்னால் கேட்கிற ஜென்மமா அவள். மாதத்தின் கடைசி சனிக்கிழமை நானும் கடையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஸ்டாப்பில் நௌஷீன் மீட்டரோடு நின்றாள். என் பக்கம் திரும்பவில்லை. ஹெலன் ஒரு அம்மாளின் ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தாள் தாளாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது இருபதுக்குப் பஸ் வந்தது. தூரத்திலேயே அதன் மூக்கு லேசாகத் தாழ்ந்தது, ஷாகிர் கியரை விடாமல் இறக்கிக்கொண்டு வருகிறான் என்று தெரிந்தது. வந்து நின்றது, இஞ்சின் அடங்கியது. இந்தத் தடவை யாரும் இறங்கி ஓடவில்லை. பழகிவிட்டார்கள்போல. ஏறவேண்டியவர்கள் ஏறினார்கள், பஸ் நகர்ந்தது. சரளைக்கல் டயரில் நொறுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. குழாயிலிருந்து ஒன்றுமே வரவில்லை. நௌஷீன் மீட்டரைக் குனிந்து பார்த்தாள், நிமிர்ந்தாள், மறுபடியும் குனிந்து பார்த்தாள். எனக்கு சந்தோஷமாக இருந்தது. வயிறும் எரிந்தது. இரண்டும் நிஜம்.

ஹெலன் தலையைத் தூக்கவே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள், "இன்னாய்யா, உன் பஸ் இன்னும் வரல? மணி ஒம்பதரை ஆவுது."

"வந்துட்டுப் போயிடுச்சு."

"எப்போ?"

"இப்பத்தான். நீ ரிப்போர்ட்டப் பிரிச்சிக்கினு இருந்தப்போ."

அவள் வெளியே ரோட்டைப் பார்த்தாள். மூக்கால் மெதுவாக ஒரு மூச்சு இழுத்தாள், குளிர்ந்த தண்ணீரில் காலை வைத்துப் பார்ப்பதுபோல. தோள் தூக்காமல் மூச்சு முழுசாக உள்ளே போயிற்று. பிறகு என்னைப் பார்த்தாள்.

"யாரு ஓட்டிக்கினு போனது?"

"ஷாகிர்."

"அந்தப் புள்ள ஓட்டினா பொக வரல."

கேள்வியா இல்லையா என்று தெரியவில்லை. பட்டறையில் ஒரே மூச்சில் கொட்டிய வார்த்தைகளில் ஒன்றுகூட இங்கே வாய்க்கு வரவில்லை. "ரெண்டு ரெண்டு காப்பி போடும்மா" என்றாள் ரிப்போர்ட்டுக்காரி. ஹெலன் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே ஜெராக்ஸ் மெஷினின் மூடியை இறக்கிப் பொத்தானை அழுத்தினாள். மூடியின் இடுக்கில் வெளிச்சம் ஒரு கோடாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய், அவள் மோவாயைத் தொட்டு, திரும்பி வந்தது. முதல் காப்பி சூடாக வெளியே வந்து விழுந்தது. பிறகு இரண்டாவது. அவள் எடுக்கவில்லை.